வெள்ளியில் இறங்குவது சுலபம், இருப்பதுதான் கஷ்டம்

2025 மே 10, சனிக்கிழமை, இந்திய நேரம் பகல் 11.54. சென்னைக்கும் அந்தமானுக்கும் நடுவே, வங்கக் கடலுக்கு மேலே, ஏறக்குறைய அரை டன் எடையுள்ள ஓர் உலோகக் கோளம் காற்று மண்டலத்துக்குள் பாய்ந்தது. நடு அந்தமானுக்கு மேற்கே 560 கி.மீ. என்று ரஷ்ய விண்வெளி நிறுவனமான ரோஸ்காஸ்மாஸ் இடத்தைக் குறித்துச் சொன்னது. அங்கிருந்து தென்கிழக்கே போய், ஜகார்த்தாவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் விழுந்தது என்பது அவர்கள் கணக்கு. அன்றைக்கு இந்தியா பாகிஸ்தான் மோதல் உச்சத்தில் இருந்தது. மாலையில்தான் சண்டை நிறுத்தம் என்று செய்தி வந்தது. அந்த அமளியில் இதை யார் கவனித்திருப்பார்கள்?

விழுந்ததன் பெயர் காஸ்மாஸ் 482. 1972 மார்ச் 31 அன்று வெள்ளி கிரகத்தில் இறங்குவதற்காகப் புறப்பட்டது. ராக்கெட்டின் கடைசி அடுக்கு கோளாறு செய்ததால் பூமியைச் சுற்றும் பாதையிலேயே மாட்டிக்கொண்டது. இப்படிப் பாதியில் நின்றுபோகும் கலங்களுக்குக் 'காஸ்மாஸ்' என்ற பொதுப் பெயரையும் ஓர் எண்ணையும் ஒட்டிவிட்டு, எங்கே போகக் கிளம்பியது என்பதைச் சொல்லாமல் விடுவது சோவியத் வழக்கம். அதன் சில துண்டுகள் அந்த வருஷமே நியூசிலாந்தின் வயல்களில் விழுந்தன. தரையில் இறங்க வேண்டிய பாகமான லேண்டர் மட்டும் 53 வருஷம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

விண்வெளிக் குப்பை வாரா வாரம் விழுகிறது. இதை மட்டும் நிபுணர்கள் கொஞ்சம் கவலையோடு பார்த்ததற்குக் காரணம், இது எரிந்துபோகாமல் முழுசாகவே தரைக்கு வந்து சேரலாம் என்பதுதான். வெள்ளியின் காற்று மண்டலத்துக்குள் விநாடிக்கு 11 கி.மீ. வேகத்தில் பாய்ந்து பிழைப்பதற்காகச் செய்த பொருள் அது. பூமியின் காற்று அதற்கு எம்மாத்திரம்?

வேறு கிரகத்தில் தரையிறங்குவது என்றால் இன்றைக்கு நம் நினைவுக்கு முதலில் வருவது செவ்வாய். அங்கே சிக்கலே கடைசி ஏழு நிமிஷம்தான். காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 100-ல் ஒரு பங்குகூட இல்லை. உரசிச் சூடாக்கும் அளவுக்குக் காற்று உண்டு, பாராசூட்டைத் தாங்கி மெல்ல இறக்கும் அளவுக்குக் கிடையாது. அதனால்தான் ராக்கெட், காற்றுப் பை, கயிறு கட்டி இறக்கும் கிரேன் என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வித்தை தேவைப்படுகிறது. நிலாவில் காற்றே இல்லை. சந்திரயான் 3-ன் விக்ரம் லேண்டர் கடைசி நொடி வரை என்ஜினை எரித்துத்தான் இறங்கியது. ஆனால் இந்த இரண்டு இடத்திலும் கால் ஊன்றிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. செவ்வாயில் இறங்கிய கலங்கள் வருஷக்கணக்கில் வேலை செய்திருக்கின்றன.

வெள்ளியில் எல்லாம் தலைகீழ். இறங்குவதைக் காற்றே பார்த்துக்கொள்ளும். இறங்கிய பிறகு உயிரோடு இருப்பதுதான் பெரும்பாடு. இதுவரை எந்தக் கலமும் அங்கே தரையில் இரண்டே கால் மணி நேரம்கூடத் தாக்குப்பிடித்ததில்லை.

அந்த இடம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்த்துவிடலாம். தரைமட்டத்தில் சுமார் 465 டிகிரி செல்சியஸ் சூடு. ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகம் 420-ல். காற்றழுத்தம் பூமியில் இருப்பதைப் போல 90 மடங்குக்கும் மேல். வீட்டுக் குக்கரில் விசில் வரும்போது உள்ளே இருப்பது வெளியே இருப்பதைப் போல வெறும் இரண்டு மடங்கு அழுத்தம், 120 டிகிரி சூடு. அதிலேயே துவரம்பருப்பு குழைந்துவிடுகிறது. கடலில் வெள்ளியின் அழுத்தம் வேண்டுமானால் 900 மீட்டர் ஆழத்துக்குப் போக வேண்டும். காற்றில் 96.5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் அது வாயுவுக்கும் திரவத்துக்கும் நடுவே ஒரு மாதிரியான நிலையில் இருக்கிறது. நம் காற்றைப் போல 50 மடங்குக்கும் மேல் அடர்த்தி. மேலே 50, 60 கி.மீ. உயரத்தில் கந்தக அமில மேகங்கள்.

விடிகாலையில் கிழக்கே அத்தனை அழகாக மின்னுகிற விடிவெள்ளிக்கு உள்ளே இருக்கும் லட்சணம் இதுதான். அந்த மினுமினுப்புக்குக் காரணமும் வெயிலைத் திருப்பியடிக்கும் அந்த அமில மேகங்களே.

இதெல்லாம் இன்றைக்கு நமக்குத் தெரியும். 1960-களில் தெரியாது. மேகத்துக்கு அடியில் கடல் இருக்கலாம் என்ற பேச்சு அப்போது இருந்தது. 1962-ல் அமெரிக்காவின் மரைனர் 2 பக்கத்தில் கடந்துபோய் எடுத்த ரேடியோ அளவீடுகள் தரை கொதிக்கிறது என்றுதான் காட்டின. ஆனாலும் எல்லோருக்கும் முழு நம்பிக்கை வரவில்லை. 1967-ல் சோவியத் யூனியன் அனுப்பிய வெனேரா 4-ஐ வடிவமைத்தவர்கள் கடலுக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்தார்கள். கலம் தண்ணீரில் மிதக்கும்படி செய்தார்கள். ஆண்டெனாவைப் பிடித்திருந்த பூட்டைச் சர்க்கரையில் செய்தார்கள். கடலில் விழுந்தால் சர்க்கரை கரையும், பூட்டு விட்டுக்கொடுக்கும், ஆண்டெனா விரியும். எந்த மோட்டாரும் வேண்டாம், எந்தக் கட்டளையும் வேண்டாம். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகவும் பிடித்த பாகம் அந்தச் சர்க்கரைப் பூட்டுதான்.

அதற்கு வேலை வரவில்லை. 1967 அக்டோபர் 18 அன்று வெனேரா 4 பாராசூட்டில் தொங்கியபடி ஒன்றரை மணி நேரம் தகவல் அனுப்பியது. வேறு ஒரு கிரகத்தின் காற்றுக்குள் இருந்து பூமிக்கு வந்த முதல் அளவீடுகள் அவை. வெப்பமானி 262 டிகிரியைக் காட்டியபோது பேச்சு நின்றது. தரையைத் தொட்டுவிட்டது என்று சோவியத் அரசின் செய்தி நிறுவனமான தாஸ் உலகத்துக்கு அறிவித்தது. அறிவித்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உயரமானி காட்டிய அளவை இரண்டு விதமாகப் படிக்க முடிந்தது, தவறான விதத்தில் படித்துவிட்டார்கள். மறுநாளே மரைனர் 5 வெள்ளியைக் கடந்தது. இரண்டு கலங்களின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விஷயம் வெளியே வந்தது: வெனேரா 4 நின்றுபோன இடத்திலிருந்து தரைக்கு இன்னும் 25 கி.மீ. பாக்கி. அழுத்தம் தாங்காமல் வழியிலேயே நசுங்கியிருக்கிறது.

வெனேரா 5, 6 இரண்டும் அப்போதே பாதி தயாராகிவிட்டன. அடியோடு மாற்ற நேரம் இல்லை. கலத்தின் வெளிக்கூட்டைப் பூமியைப் போல 25 மடங்கு அழுத்தம் தாங்கும்படி கொஞ்சம் கெட்டியாக்கினார்கள். வேகமாக இறங்கட்டும் என்று பாராசூட்டைச் சின்னதாக்கினார்கள். 1969 மே 16, 17 தேதிகளில் இரண்டும் போய்ச் சேர்ந்தன. ஒன்று 53 நிமிஷம், இன்னொன்று 51 நிமிஷம் பேசின. இரண்டும் தரைக்கு 10, 20 கி.மீ. உயரத்திலேயே நசுங்கின.

மூன்று கலம் நசுங்கிய பிறகு இந்தக் கலங்களைச் செய்த லாவோச்கின் நிறுவனத்தின் பொறியாளர்கள் கஞ்சத்தனத்தை விட்டார்கள். வெனேரா 7-ன் ஓடு டைட்டானியம். 180 மடங்கு அழுத்தம், 540 டிகிரி சூடு தாங்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். அதாவது எதிர்பார்த்த அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடம் கொடுத்தால் அறிவியல் கருவி வைக்கலாம், கனம் கொடுத்தால் உயிர் பிழைக்கலாம் என்ற இழுபறியில் கனமே ஜெயித்தது. கருவிகள் மிகக் குறைவு. பாராசூட்டை முதலில் பாதி விரியும்படி ஒரு கயிற்றால் கட்டியிருந்தார்கள். சூடு 200 டிகிரி ஆனதும் கயிறு உருகும், குடை முழுசாக விரியும். பழைய சர்க்கரைப் பூட்டின் அதே மூளை இதிலும் தெரிகிறது. சூழலையே வேலைக்காரனாக வைத்துக்கொள்வது.

1970 டிசம்பர் 15. பாராசூட் சரியாக நடந்துகொள்ளவில்லை. கலம் கடைசிக் கட்டத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் தரையில் மோதியது. சிக்னல் ஒரு விநாடி பலமாக வந்து, அப்புறம் ஒன்றுமில்லை. இதுவும் போச்சு என்று முடிவு கட்டிவிட்டார்கள். சில வாரம் கழித்து, பதிவு செய்த நாடாக்களை உட்கார்ந்து நிதானமாக அலசியபோது, இரைச்சலுக்கு நடுவே ஒரு நூலிழை போல ஏதோ இருந்தது. வழக்கமான பலத்தில் 100-ல் ஒரு பங்கு. கலம் மோதிய வேகத்தில் பக்கவாட்டில் சாய்ந்து, ஆண்டெனா பூமியைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்த நிலையிலேயே 23 நிமிஷம் பேசியிருக்கிறது. அதிலும் ஒரு கூத்து. கருவிகளை மாற்றி மாற்றி இணைக்கும் சுவிட்ச் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டதால், அது திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே ஒரு விஷயம்: வெப்பம், வெப்பம், வெப்பம். சுமார் 475 டிகிரி. அழுத்தத்தை மற்ற கணக்குகளிலிருந்து வரவழைத்தார்கள்.

வேறு ஒரு கிரகத்தின் தரையிலிருந்து மனிதருக்கு வந்த முதல் தகவல் இது. ஒரு வெப்பமானியின் ஒற்றை வரி.

அடுத்தது வெனேரா 8. முந்தையது சாய்ந்து விழுந்த பாடம் இதில் தெரியும். இறங்கியதும் வெளியே தள்ளப்பட்டுத் தரையில் போய்க் கிடக்கும்படி இரண்டாவதாக ஒரு சின்ன ஆண்டெனா. வெள்ளியின் அழுத்தம் தெரிந்துவிட்டதால் ஓட்டின் கனத்தைக் குறைத்து, மிச்சமான எடையில் கருவிகள் வைத்தார்கள். 1972 ஜூலை 22 அன்று இறங்கி 50 நிமிஷம் வேலை செய்தது. அதிலிருந்த ஒளிமானி சொன்ன சேதி அடுத்த பத்து வருஷத்துக்கு வழி காட்டியது. அத்தனை மேகத்துக்கு அடியிலும் தரையில் மழைக்கால மூட்டம் போட்ட பகல் அளவுக்கு வெளிச்சம் இருக்கிறது, படம் எடுக்கலாம். நம் வங்கக் கடலுக்கு மேலே வந்து நுழைந்த காஸ்மாஸ் 482 இந்த வெனேரா 8-ன் இரட்டை. நாலு நாள் தள்ளிக் கிளம்பியது, அவ்வளவுதான்.

படம் எடுக்கும் வேலைக்காகச் செய்தவை வெனேரா 9, 10. புதிய தலைமுறை, புதிய அளவு. 660 கிலோ லேண்டர், அதைச் சுமந்துபோய் மேலே சுற்றியபடி தகவலை வாங்கிப் பூமிக்கு அனுப்ப ஒரு தாய்க்கலம். இங்கேதான் வெள்ளியின் காற்றை முழுசாக நம்பிய அந்த வடிவமைப்பு வருகிறது. பாராசூட் சுமார் 50 கி.மீ. உயரத்திலேயே கழற்றி விடப்படும். அப்புறம் கலத்தின் தலையில் குடை மாதிரி பொருத்திய ஒரு வட்டத் தகடுதான் பிரேக். துணி இல்லை, கயிறு இல்லை, என்ஜின் இல்லை. கீழே போகப் போகக் காற்று கெட்டியாகும், வேகம் தானாகக் குறையும். விநாடிக்கு ஏழு மீட்டர், அதாவது மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடும். அடியில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஓர் உலோக வளையம்.

இதே கலத்தை இதே தகட்டோடு பூமியில் மேலிருந்து போட்டால், கணக்குப்படி மணிக்கு ஏறக்குறைய 190 கி.மீ. வேகத்தில் வந்து மோதும். செவ்வாயில் போட்டால், காற்று தடுத்தும்கூட, பயணிகள் ஜெட் விமானத்தின் வேகம். வெள்ளியில் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு போய்ச் சுவரில் இடித்த மாதிரி.

1978-ல் அமெரிக்கா அனுப்பிய பயனியர் ஆய்வுக் கலங்களைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். அவை காற்றை ஆராய்வதற்காக மட்டும் செய்தவை. தரையில் பிழைக்க வேண்டும் என்று எந்த ஏற்பாடும் கிடையாது. சின்னவற்றுக்குப் பாராசூட்கூட இல்லை. ஆனாலும் அவற்றில் ஒன்று விழுந்த பிறகும் 67 நிமிஷம் சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. இறங்கத் திட்டமே போடாத கலம் இறங்கிவிடும் கிரகம் அது.

பாராசூட்டை ஏன் அவ்வளவு சீக்கிரம் கழற்ற வேண்டும், மெதுவாகவே இறங்கலாமே என்று தோன்றும். கூடாது. கீழே ஒவ்வொரு நிமிஷமும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. இறங்கும் வழியில் வீணாகும் நிமிஷம் தரையில் குறையும் நிமிஷம். காசிமேட்டிலிருந்து வெளியூருக்கு மீன் அனுப்புகிறவர்களைக் கேட்டால் இதைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஐஸ், மேலே டேப். ஐஸ் இருக்கும் வரைதான் மீன். வண்டி வழியில் நின்றால் நஷ்டம் மீனுக்கு.

வெனேரா லேண்டர் ஏறக்குறைய அதே பெட்டிதான். காற்றுக்குள் நுழைவதற்கு முன்பே தாய்க்கலத்திலிருந்து குளிர்ந்த வாயுவைச் செலுத்தி உள்ளே மைனஸ் 10 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். கெட்டியான ஓடு, அதைச் சுற்றி வெப்பம் கடத்தாத அடுக்கு. ஐஸுக்குப் பதிலாக நீர் சேர்ந்த லித்தியம் நைட்ரேட் உப்பு. அது 30 டிகிரி அளவில் உருகும். உருகும்போது சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும், கடைசிக் கட்டி கரையும் வரை வெப்பநிலை ஏறாது. கரைந்து முடிந்ததும் ஆட்டம் முடிந்தது. சிலிக்கானில் செய்த மின்னணுச் சாதனம் 200, 250 டிகிரியைத் தாண்டினால் சாதனமாகவே இருக்காது.

ஃபிரிட்ஜ் வைக்கக் கூடாதா? ஃபிரிட்ஜின் வேலை உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொட்டுவது. வெளியே 465 டிகிரி. அந்தச் சூட்டுக்கு மேலே சூட்டைக் கொட்ட நிறைய மின்சாரம் வேண்டும். மேகத்துக்கு அடியில் சூரியத் தகடு அவ்வளவு தராது, பேட்டரிக்கும் சூடு ஆகாது. யோசித்துப் பார்த்திருக்கிறார்கள், எடையும் செலவும் கட்டுப்படியாகவில்லை.

கேமராவையும் வெளியே வைக்க முடியாது. ஆகவே அது குளிர்ந்த பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, தடித்த குவார்ட்ஸ் சன்னலுக்குப் பின்னால் பெரிஸ்கோப் வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. ஆர்னால்ட் செலிவானவ் தலைமையிலான குழு செய்த கேமரா அது. பிலிம் கிடையாது. மேலும் கீழும் ஆடும் ஒரு கண்ணாடி, பின்னால் ஒளியை அளக்கும் ஒரே ஓர் உணரி. கோடு கோடாக நகர்ந்து ஒரு படம் முடிய அரை மணி நேரம். அனுப்பும் வேகம் விநாடிக்கு 256 பிட். அந்த வேகத்தில் இன்றைக்கு 100 கேபி அளவுள்ள ஒரு வாட்ஸ்அப் படத்தை அனுப்பினால் 53 நிமிஷம் ஆகும். வெனேரா 9 தரையிலிருந்து பேசிய மொத்த நேரமும் 53 நிமிஷம்தான்.

1975 அக்டோபர் 22 அன்று அந்தப் படம் வந்தது. கூரிய விளிம்புள்ள கற்கள், பலகை மாதிரி உடைந்த பாறைகள், மேல் மூலையில் ஒரு துண்டு அடிவானம். செவ்வாயில் வைக்கிங் 1 இறங்குவதற்கு ஒன்பது மாதம் முன்பு. வேறு கிரகத்தின் தரையில் எடுத்த முதல் புகைப்படம் செவ்வாயில் எடுத்தது என்று இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் வெகு நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இருட்டாக இருந்தால் உதவட்டும் என்று விளக்குகளும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், வெளிச்சமே போதுமானதாக இருந்தது. 53 நிமிஷத்தில் பேச்சு நின்றதற்கு லேண்டர் காரணம் இல்லை. மேலே சுற்றிய தாய்க்கலம் தொடர்பு எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

வெனேரா 9-க்கும் மூன்று நாள் கழித்து இறங்கிய 10-க்கும் ஆளுக்கு இரண்டு கேமரா. இரண்டு கலத்திலும் ஒரு கேமராவின் மூடி கழன்று விழவில்லை. சுற்றிலும் 360 டிகிரி பார்க்க நினைத்தவர்களுக்குப் பாதி உலகம்தான் கிடைத்தது. சரி, அடுத்த முறை திருத்திவிடலாம் என்று 1978-ல் வெனேரா 11, 12 போயின. இந்த முறை நாலு கேமராவுக்கும் நாலு மூடி, நாலும் திறக்கவில்லை. இரண்டு கலமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தரையில் உயிரோடு இருந்தன. ஒன்றுகூட எதையும் பார்க்கவில்லை. 465 டிகிரியை வென்றவர்களை ஒரு மூடி தோற்கடித்தது.

1982 மார்ச் 1 அன்று வெனேரா 13 இறங்கியது. 32 நிமிஷம் மாத்திரமே தாங்கினால் போதும் என்று செய்த கலம் 127 நிமிஷம் தாங்கியது. இன்றும் அதுதான் சாதனை. மூடிகள் திறந்தன. முதல் முறையாகக் கலர் படங்கள் வந்தன. ஆரஞ்சு நிற வானம், ஆரஞ்சுப் பாறை. கற்களின் சொந்த நிறம் அது இல்லை. அடர்ந்த காற்று நீல ஒளியை வடிகட்டிவிடுவதால் அங்கே எல்லாமே சாயங்கால வெளிச்சத்தில் நிற்பது மாதிரி தெரிகிறது.

படத்தைவிட எனக்கு ஆச்சரியம் அதன் துளைக் கருவி. சாதாரண வெப்பத்தில் அதன் பாகங்கள் சரியாகப் பொருந்தாது. 500 டிகிரி அளவில் உலோகம் விரிந்த பிறகுதான் எல்லாம் கச்சிதமாக உட்காரும், அப்படித்தான் அளவெடுத்துச் செய்திருந்தார்கள். பாறையில் 3 செ.மீ. துளைத்தது. துளைத்த தூளைக் குளிர்ந்த பெட்டிக்குள் எப்படிக் கொண்டுபோவது? ஒரு சின்ன வெடியால் குழாயின் அடைப்பை உடைத்தார்கள். வெளியே 90 மடங்கு அழுத்தம், உள்ளே ஏறக்குறைய வெற்றிடம். வெள்ளியின் காற்றே தூளைக் குழாய் வழியாக உள்ளே ஊதித் தள்ளியது. ஆய்வு அறையில் எக்ஸ் கதிரால் சோதித்ததில் அது எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் வகைப் பாறை என்று தெரிந்தது. துளைத்துத் தூளை உள்ளே கொண்டுபோனது அத்தனையும் இரண்டு, மூன்று நிமிஷ வேலை. காத்திருக்க அங்கே நேரம் ஏது?

நாலு நாள் கழித்து இன்னோர் இடத்தில் வெனேரா 14 இறங்கியது. இதில் ஒரு மடக்குக் கை இருந்தது. ஸ்பிரிங் விசையில் தரையில் போய் அடித்து, மண் எவ்வளவு கெட்டி என்று அளக்க வேண்டும். மூடிகளும் இந்த முறை மிகச் சரியாகக் கழன்றன. ஒன்று கழன்று உருண்டு போய், கை வந்து விழ வேண்டிய இடத்திலேயே படுத்துக்கொண்டது. கை அதன்மேல் அடித்தது. வெனேரா 14 அனுப்பிய படத்தில் அரைவட்டமாகக் கிடக்கும் மூடியையும் அதன்மேல் விழுந்த கையையும் இன்றும் பார்க்கலாம். பல கோடி கி.மீ. போய், பூமியில் செய்த ஒரு மூடி எவ்வளவு கெட்டி என்று அளந்துவிட்டு வந்தார்கள்.

கடைசியாக 1985 ஜூனில் வேகா 1, வேகா 2. ஹேலி வால்நட்சத்திரத்தைப் பார்க்கப் போகும் வழியில் வெள்ளியில் ஆளுக்கு ஒரு லேண்டரையும் ஒரு பலூனையும் போட்டுவிட்டுப் போனார்கள். வேகா 1 இறங்கும்போது ஒரு பலத்த காற்று உலுக்கியதில், தரையைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்து அந்தரத்திலேயே துளைபோட ஆரம்பித்துவிட்டது. வேகா 2 ஒழுங்காக வேலை பார்த்தது. பலூன்கள் 54 கி.மீ. உயரத்தில் மிதந்தன. அங்கே சூடு நம் ஊர்ச் சித்திரை மாதம் மாதிரி, அழுத்தம் பூமியில் பாதி. இரண்டும் 46 மணி நேரம் தகவல் அனுப்பின. தரையில் நிமிஷக் கணக்கு, மேகத்தில் நாள் கணக்கு.

அதன் பிறகு நாற்பது வருஷம் ஆகிவிட்டது. வெள்ளியின் தரையில் வேறு எதுவும் இறங்கவில்லை. சோவியத் யூனியன் இல்லாமல் போனது ஒரு காரணம். செவ்வாயில் ஒரு ரோவர் பத்து வருஷம் ஓடும்போது, இரண்டு மணி நேரக் கலத்துக்கு எந்த அரசாங்கம் பணம் ஒதுக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது. நாசாவின் டாவின்சி கலம் 2030-களில் போகவிருக்கிறது. அதன் வேலையும் இறங்கும் அந்த ஒரு மணி நேரத்தோடு முடிகிறது, தரையில் பிழைத்தால் லாபம் என்கிறார்கள். இந்தியாவின் வெள்ளித் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2028 மார்ச்சில் ஏவுவதாக உத்தேசம். அது சுற்றிவரும் கலம், இறங்கப் போவதில்லை.

ஐஸ் பெட்டி வழி முடிந்துவிட்டது. இனி ஒரே வழி, சூட்டிலேயே வாழக் கற்றுக்கொண்ட மின்னணுச் சாதனம். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், நாசாவின் கிளென் ஆய்வு மையத்தில், வெள்ளியின் தரையை அப்படியே உண்டாக்கும் ஓர் உருளை இருக்கிறது. அதே சூடு, அதே அழுத்தம், அதே வாயுக் கலவை. சிலிக்கானுக்குப் பதில் சிலிக்கான் கார்பைடில் செய்த சிப்களை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் அதற்குள் வைத்தார்கள். உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் கருப்புத் தூள் உண்டல்லவா, அந்தப் பொருள்தான். 2017-ல் வெளியான முடிவின்படி, அவை 521 மணி நேரம் வேலை செய்தன. கிட்டத்தட்ட 22 நாள். நிறுத்தியது சோதனையை முடித்தவர்கள், சிப் இல்லை. பிறகு நடந்த சோதனையில் 60 நாள் வரை போனது.

மிக எளிய சுற்றுகள்தான் அவை. உங்கள் கைப்பேசியில் கோடிக் கோடியாக இருக்கும் டிரான்சிஸ்டர்களில் ஒரு கைப்பிடி அளவு. கேமராவை இயக்க முடியாது, படம் அனுப்ப முடியாது. வெப்பம், அழுத்தம், காற்றின் வேகம், இருக்கும் வெளிச்சம் என்று சில எண்களை அவ்வப்போது மேலே அனுப்பலாம். ஆனால் அந்த 60 நாள் என்பது சும்மா எடுத்த எண் இல்லை. வெள்ளி மிக மெதுவாகச் சுழல்கிறது. அங்கே ஒரு பகல் நம் கணக்கில் 58 நாள். வெனேரா 13 விழித்திருந்த 127 நிமிஷத்தில் சூரியன் தன் அகலத்தில் பாதிகூட நகர்ந்திருக்காது. 60 நாள் தாங்கும் கலம் ஒன்று அங்கே காலையில் இறங்கினால், மேகத்துக்கு அடியில் வெளிச்சம் மெல்லக் குறைந்து முதல் முறையாக ஓர் இருட்டு வருவதை எண்களாகவாவது அனுப்பும்.